ஏழு நாள் ஊழியம்

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து அக்கா, அக்கா மகன், நான் மூவரும் டத்தோ கிராமாட் சாலையில் பசியாற உட்கார்ந்திருந்தோம். பழைய ஈய ஆலை இருந்த இடத்தில் இப்போது டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறதல்லவா, அதற்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் கடை. ரொட்டி சானாய் வருவதற்குள் மருமகன் ஓர் உறையை என் முன்னால் வைத்தான்.

"மாமா, எங்க வாலிபர் ஐக்கியம் சென்னைக்கு மிஷன் பயணம் போகுது. 12 பேர், 7 நாள். ஓர் ஆளுக்கு 3,500 வெள்ளி. நீங்க கொஞ்சம் தாங்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நம்ம புளோக்குல மேல் மாடித் தாத்தாவுக்கு லிப்ட் கெட்டுப்போனா சோறு வாங்கிக் கொடுக்க ஆள் இல்ல. இவங்க ஊழியம் செய்யச் சென்னைக்குப் போறாங்களாம்."

பையனுக்கு முகம் வாடிவிட்டது. பாயான் லெப்பாஸில் பொறியியலாளராக வேலை செய்கிறான். சம்பளத்தில் பாதியை வீட்டுக்குக் கொடுக்கிற பிள்ளை. ஊர் சுற்றுவதற்கு ஊழியத்தைச் சாக்காகச் சொல்கிறவன் இல்லை. அதனால் கொஞ்சம் தணிவாகவே கேட்டேன்: "அங்க போய் என்னய்யா செய்வீங்க?"

"ஒரு பிள்ளைகள் இல்லம், மாமா. சுவருக்குச் சாயம் அடிப்போம். பிள்ளைகளோட விளையாடுவோம். பாட்டு, நாடகம், வேதாகமக் கதை."

சாயம் என்றதும் எனக்குத் தே தாரிக் இறங்கவில்லை. அதே வேலையை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன்.

2005-ஆம் ஆண்டு. சுனாமி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நம் பினாங்குக் கரையையும் தொட்டுவிட்டுப் போன அலை அது. மனசு இளகியிருந்த நேரம். 9 பேர் கிளம்பினோம். வட சென்னையில் ஓர் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம். பெயர் வேண்டாம். நாலு நாள் வெயிலில் நின்று சாப்பாட்டுக் கூடத்துக்கு இளநீலச் சாயம் அடித்தோம். பழைய சாயத்தைச் சுரண்டும்போது அடியில் பச்சை தெரிந்தது. அதற்கும் அடியில் மஞ்சள். அப்போது அது என் புத்திக்கு எட்டவில்லை.

கடைசி நாள் மாலை, இல்லத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர் எங்களுக்கு டீ கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வருஷா வருஷம் ஒரு குழு வரும் தம்பி. ஒவ்வொருத்தரும் ஒரு கலர் அடிப்பாங்க. சுவர் நல்லாத்தான் இருக்கு. கூரைதான் ஒழுகுது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா?" என்றோம்.

"நீங்க கேட்கலையே" என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த இல்லத்தில் 11 வயதுப் பையன் ஒருவன் ஏழு நாளும் என் கையை விடவில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவான், சாயம் அடிக்கும்போது வாளியைப் பிடிப்பான். கிளம்பும் அன்று நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து முகவரி எழுதிக் கொடுத்தான். "அண்ணா, லெட்டர் போடுவீங்களா?" "கண்டிப்பாப் போடுவேன்" என்றேன். போடவில்லை. முதல் மாதம் வேலை, அடுத்த மாதம் மறதி, பிறகு வெட்கம். இரண்டு முறை வீடு மாறியதில் தாளும் போய்விட்டது. அவனுக்கு இன்றைக்கு முப்பது தாண்டியிருக்கும். தபால்காரரை எத்தனை நாள் எதிர்பார்த்திருப்பான் என்று இப்போதும் சில இரவுகளில் யோசிப்பேன்.

இதை மருமகனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப போகவே கூடாதுங்கிறீங்களா?" என்றான். அப்படியும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவனுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். அவன் படித்த பள்ளியே அந்தக் கதையில் வருகிறது.

1885 பிப்ரவரி 7. இந்தியாவிலிருந்து ஒரு சிறு குழு கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கியது. தலைவர் ஜேம்ஸ் தோபர்ன், கல்கத்தாவில் பணியாற்றிய அமெரிக்க மெதடிஸ்ட் போதகர். உடன் வந்தவர் வில்லியம் ஓல்டாம். பெங்களூரில் பிறந்தவர், ஊழியத்துக்கு வருமுன் அரசாங்க நில அளவையாளராக இருந்தவர். நகர மண்டபத்தில் கூட்டங்கள் நடந்தன. அந்த மாதம் 23-ஆம் தேதி ஒரு சிறிய சபை உருவானது. சில வாரங்களில் தோபர்ன் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். பெருநகரத்துக்குப் போன குறுகிய கால மிஷன் பயணம் என்றால் இதுவும் அதுதான்.

ஆனால் ஓல்டாம் தம்பதியர் திரும்பவில்லை. அங்கேயே தங்கினார்கள். தங்கியவரிடம்தான் ஊர் தனக்கு வேண்டியதைக் கேட்கும். சீன வணிகர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்றார்கள். 1886 மார்ச் முதல் தேதி, அமோய் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் 13 பையன்களோடு ஆங்கிலோ சீனப் பள்ளி தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து சோஃபியா பிளாக்மோர் என்ற பெண்மணி வந்தார். பெண் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று கேட்டவர்கள் சிங்கப்பூர்த் தமிழ் வணிகர்கள். 1887 ஆகஸ்டில் ஷார்ட் ஸ்திரீட்டில் 9 சிறுமிகளோடு 'தமிழ்ப் பெண்கள் பள்ளி' தொடங்கியது. சிங்கப்பூரில் இன்று பெயர் பெற்ற மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் அதுதான். பிளாக்மோர் அம்மையார் அந்த ஊரில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் உழைத்தார்.

அந்த அலை பினாங்குக்கும் வந்தது. 1891-இல் இங்கே ஆண்களுக்கு ஒரு பள்ளி, மறு ஆண்டு பெண்களுக்கு ஒரு பள்ளி. அந்த ஆண்கள் பள்ளிதான் இன்று ஆயர் ஈத்தாம் சாலையில் இருக்கும் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி. மருமகன் ஐந்து வருடம் பையைத் தூக்கிக்கொண்டு போன பள்ளி அதுவே. 1885 பிப்ரவரியில் கூட்டம் முடிந்ததும் எல்லோருமே கப்பல் ஏறியிருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா?

"எல்லாரும் ஓல்டாம் மாதிரி தங்க முடியுமா, மாமா? எனக்கு 10 நாள்தான் விடுமுறை" என்றான். நியாயமான கேள்வி. கல்கத்தாவைப் பார் என்றேன். காளிகாட்டில் 1952-இல் அன்னை தெரேசா தொடங்கிய இல்லத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து தொண்டர்கள் போகிறார்கள். ஒரு வாரம் மட்டும் இருக்கிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்குக் கிடைக்கும் வேலை என்ன? துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது, எழுந்திருக்க முடியாதவருக்குச் சோறு ஊட்டுவது. எதைச் செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது அங்கேயே வாழும் கன்னியாஸ்திரிகள். போகிறவர் மாறலாம், வேலை நிற்பதில்லை. தங்கியிருப்பவர் சொல்வதைக் கேட்டு நடந்தால் ஒரு வாரமும் வீணாகாது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஓர் உறையோடு வந்து நிற்கலாம். எந்தச் சமயமாக இருந்தாலும், எந்த ஊருக்கானாலும், சில கேள்விகளைக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

முதல் கேள்வி: இந்த வேலை வேண்டும் என்று யார் கேட்டது? அங்கே இருப்பவர்களா, அல்லது நாமாகத் தீர்மானித்துக்கொண்டதா?

இரண்டாவது: நீங்கள் திரும்பிய பிறகு அதைத் தொடர்வது யார்?

மூன்றாவது பணம். 12 பேர், ஆளுக்கு 3,500 என்றால் 42,000 வெள்ளி. ரூபாயில் சொன்னால் பல லட்சம். அங்கே ஒரு கூரை மாற்றவும் தண்ணீர்த் தொட்டி கட்டவும் அது போதும். அதற்காகப் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள் என்று சொல்ல மாட்டேன். நேரில் பார்த்த பிள்ளை கொடுக்கும் கையை லேசில் மூடாது. ஆனால் எத்தனை பேர் போக வேண்டும் என்று யோசிக்கலாம்.

நான்காவது, பிள்ளைகள். பெற்றோரைப் பிரிந்த குழந்தையை ஒரு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போவது நமக்கு ஆனந்தம். அந்தக் குழந்தைக்கு அது இன்னொரு பிரிவு. வெளிநாட்டுத் தொண்டர்கள் இப்படி இல்லங்களுக்கு வந்து போவதால் பிள்ளைகளுக்கு வரும் கேட்டைப் பற்றி 2019-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே தீர்மானத்தில் பேசியது. இல்லத்துப் பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்து முகநூலில் போடுவதும் வேண்டாம்.

கடைசியாக, சட்டம். இந்தியாவில் சுற்றுலா விசாவில் போய் மதப் பிரசாரம் செய்ய அனுமதி இல்லை. நல்ல எண்ணத்தில் போனோம் என்று விமான நிலைய அதிகாரியிடம் வாதாட முடியாது. கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்று மருமகன் உறையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து கைத்தொலைபேசியைக் காட்டினான். சென்னை இல்லத்துக்குப் புலனத்தில் ஒரே வரி அனுப்பியிருக்கிறான்: "எங்களால் உங்களுக்கு என்ன ஆக வேண்டும்?" பதில் வர மூன்று நாள் ஆனதாம். தண்ணீர் மோட்டார் பழுது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் தடுமாறுகிறார்கள். தேர்வு மாதத்தில் தயவுசெய்து யாரும் வர வேண்டாம். சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

கடைசியில் 12 பேருக்குப் பதில் நாலு பேர் போனார்கள். மற்றவர்கள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை மோட்டாருக்குக் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். அக்கா ஒரு நிபந்தனை போட்டார்: மேல் மாடித் தாத்தாவுக்கு வாலிபர் ஐக்கியம் முறை வைத்துச் சாப்பாடு கொண்டு போக வேண்டும். பயணம் முடிந்த பிறகும் அந்த முறை நிற்கவில்லை. தாத்தா இப்போது சாம்பாரில் உப்பு குறைவு என்று புகார் சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டார்.

போன சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு 8.30 ஆனதும் மருமகன் கணினியைத் திறந்து உட்கார்ந்தான். சென்னையில் அப்போது மாலை 6 மணி. திரையில் இரண்டு பையன்கள், கையில் கணக்கு நோட்டு. வாரா வாரம் நடக்கிறதாம். ஒரு மணி நேரம் முக்கோணவியல். முடியும்போது ஒருவன் கேட்டான்: "அண்ணா, அடுத்த வாரமும் வருவீங்களா?"

மருமகன் உடனே தலையாட்டவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தான். "அடுத்த சனி எனக்கு இரவு வேலை, தம்பி. வர முடியாது. அதுக்கு அடுத்த சனி வர்றேன்."

பையன் "சரிண்ணா" என்று நோட்டை மூடினான். நான் அந்த இளநீலச் சுவரை நினைத்துக்கொண்டேன். 2005-இல் எனக்கும் இப்படி ஒரு பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.