டிராக்டருக்கு ஊர்ப் பொதுச் சாவியா?

உழவுக்கு வந்த டிரைவர் சாவியை வீட்டில் மறந்துவிட்டால் அதற்காகத் திரும்பி ஓடுவதில்லை. பக்கத்து வயலில் அதே கம்பெனி டிராக்டர் நின்றால் போதும். அந்தச் சாவியை வாங்கிப் போட்டு வண்டியை எடுத்துவிடுகிறார். பல கம்பெனிகளில் ஒரு மாடல் டிராக்டர் முழுவதற்கும் ஒரே சாவிதான், அல்லது ஒன்றிரண்டு வகைச் சாவிகள்தான். மண் அள்ளும் இயந்திரங்களிலும் இதே கதை. சாவி தொலைந்தால் உதிரிபாகக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை.

இதை வசதி என்றே விவசாயிகள் எண்ணுகிறார்கள். அதில் நியாயமும் உண்டு. சேற்றுழவில் சாவி விழுந்துவிட்டதென்று வேலையை நிறுத்த முடியுமா? நான்கைந்து வண்டிகளை வாடகைக்கு விட்டு, டிரைவர்களை மாற்றி மாற்றி அனுப்புகிறவருக்கு ஒரே சாவி மெத்த சௌகரியம். ஆனால் கடன் வாங்கி ஒற்றை டிராக்டர் வைத்திருப்பவர் நிலை வேறு. வண்டி களவு போனாலும் தவணை நிற்காது. இன்சூரன்ஸ் பணம் கேட்டுப் போனால், வண்டியோடு கொடுத்த சாவிகள் இரண்டையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒன்று குறைந்தால் கேள்வி மேல் கேள்வி வரும். அதே சாவி கடைத்தெருவில் கொத்தாகத் தொங்குகிறதே என்று அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

பூட்டுக் கணக்கு கடினமானதல்ல. சாவியில் நான்கு வெட்டுகள், ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று வித ஆழம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 81 விதச் சாவிகள் செய்யலாம். வெட்டு ஐந்தானால் 243, ஆறானால் 729. சாவி தேயத் தேய, பொருந்தாத பூட்டும் திறக்கும் என்பது தனிக் கதை. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர்கள் இந்த நுட்பத்தில் கை தேர்ந்தவர்கள். உள்ளே இருக்கும் லீவர்களைக் கையால் அராவி, பூட்டுக்கேற்பச் சாவி செய்வார்கள். அப்பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மோட்டார் அறைக்குப் போடும் பூட்டுக்குத் தனிச் சாவி, அந்த அறைக்கு வெளியே நிற்கும் பல லட்ச ரூபாய் வண்டிக்குப் பொதுச் சாவி என்றால் அது விந்தைதான்.

தனிச் சாவி கொடுத்தால் விலை ஏறும் என்பார்கள். கொஞ்சம் ஏறலாம். ஆனால் சட்டம் கேட்டால் கம்பெனிகள் செய்யத்தான் செய்கின்றன. உரிய சாவி இல்லாமல் என்ஜின் ஓடாதபடி தடுக்கும் மின்னணுக் கருவி புதிய கார்களில் இருக்க வேண்டும் என்று கனடா 2007-ல் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஹூண்டாய், கியா கம்பெனிகள் அங்கே விற்ற பல கார்களில் அக்கருவியை வைக்கவில்லை. திருடும் விதம் வீடியோவாகப் பரவி, 2021, 2022-ல் அந்தக் கார்கள் ஏராளமாகக் களவு போயின. பிறகு 2023-ல் இலவசமாகத் திருத்தம் செய்து தரும்படி ஆயிற்று. கனடாவில் விற்ற கார்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கம்பெனி ஒன்றுதான், சட்டம்தான் வேறு.

இங்கே டிராக்டருக்கு அரசு மானியம் தருகிறது. மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய நிலையம் டிராக்டரின் இழுதிறன், டீசல் செலவு, பிரேக் முதலியவற்றைச் சோதித்து அறிக்கை தருகிறது. ஒரு வண்டியின் சாவி எத்தனை வண்டிகளுக்குப் பொருந்துகிறது என்பதையும் பார்க்கச் சொன்னால் என்ன? தனிச் சாவி உள்ள வண்டிக்கே மானியம் என்று ஒரு வரி சேர்த்தால், கம்பெனிகள் தாமே வழிக்கு வரும். அதுவரை பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றை மறைவான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். (அந்த ஸ்விட்சின் சாவியும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஆகவே இடம் வெளியே தெரியாமல் இருப்பது முக்கியம்.) ஸ்டியரிங்கிற்கும் கிளட்ச் பெடலுக்கும் சேர்த்து ஒரு சங்கிலியும் நல்ல பூட்டும் போட்டால் இன்னும் நல்லது.

செல்போனில் ஓடும் பம்புசெட் ஸ்டார்ட்டர்களிலும் இதே குறை நுழைந்திருக்கிறது. இரவில் பாம்புக்கும் பன்றிக்கும் பயந்து வரப்பில் நடந்தவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்திலும் வழங்கியிருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டு எண்ணுக்குப் போன் செய்தால் மோட்டார் ஓடும். ஆனால் சில கருவிகளில் உரிமையாளர் எண்ணைப் பதிவு செய்யாத வரை யார் அழைத்தாலும் கேட்கும். இரகசிய எண்ணும் கம்பெனியில் வைத்த 1234 போன்றதாகவே கடைசி வரை கிடக்கிறது. அதையும் பொதுச் சாவி என்றே சொல்ல வேண்டும். பொருத்த வரும் மெக்கானிக் போவதற்கு முன் அவரை நிறுத்தி வைத்து, குடும்பத்தார் எண்களை மட்டும் பதிந்து, இரகசிய எண்ணை மாற்றிவிட வேண்டும். சிம் எண்ணை மோட்டார் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கும் பழக்கமும் கூடாது.

களவைவிடப் பெரிய ஆபத்து இதில் உண்டு. கிணற்றில் ஒருவர் இறங்கி ஃபுட் வால்வைச் சுத்தம் செய்துகொண்டிருப்பார். வீட்டில் இருப்பவரோ, விஷயம் தெரியாத வேறொருவரோ போனைத் தட்டுவார். தானியங்கி முறையில் விட்டிருந்தால் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாகவே எடுத்துக்கொள்ளும். போனில் நிறுத்தியாயிற்றே என்று நம்பி மோட்டாரில் கை வைக்கக் கூடாது. மெயின் ஸ்விட்சை இறக்கி, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கிணற்றில் இறங்க வேண்டும்.