குழி உங்களுடையது, கோடு என்னுடையது

சென்ற ஆடித் தள்ளுபடியில் ஒரு லாப்டாப் வாங்கினேன். விலை 58,990 ரூபாய். 12 மாதத் தவணை. ரொக்கம் கொடுத்து வாங்கிய பொருளைவிடத் தவணையில் வாங்கிய பொருளின் மேல் நமக்குப் பாசம் ஜாஸ்தி. மாதா மாதம் 5-ம் தேதி பாங்க்காரர்கள் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார்களே! ஆபீஸ் முடிந்து வந்து இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற உபதொழில் எனக்கு உண்டு. அதற்காகத்தான் இந்த அகலக்கால்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி தடுத்தாள்.

"என்னங்க, அப்படியே பிரிச்சுடாதீங்க. சந்தனம் குங்குமம் வெச்சுட்டு அப்புறம் தொடுங்க. நான் வீடியோ எடுக்கணும்."

"இதுக்கெல்லாம் எதுக்கு வீடியோ?"

"எங்கண்ணன் கார் வாங்கினப்ப அனுப்பினான் இல்ல?"

ஆக, கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனருக்குப் பதிலடியாக வீடியோ எடுக்கப்பட்டது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, இவ்வளவு ஒல்லியா இருக்கு. இதுக்கா இத்தனை காசு?" என்றாள். மூடியின் வலது ஓரத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அன்று ராத்திரியும் சனிக்கிழமை முழுக்கவும் நான் அதைவிட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, காய்ந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனம் போயிற்று. அந்த இடத்தில் ஒரு குழி.

பெரிய குழி இல்லை. ஒரு பச்சைப்பயறு உட்காரலாம். ஆனால் 58,990 ரூபாய்க் கண்ணால் பார்க்கும்போது அது திப்பு சுல்தான் பீரங்கி விழுந்த பள்ளம் மாதிரி இருந்தது. பதறிப்போய்த் திறந்து பார்த்தால், கீபோர்டுக்குக் கீழே கை வைக்கிற இடத்தில், இடதுபக்கம், இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. ஜன்னல் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"டிஸ்ப்ளே பீஸைத் தலையில கட்டிட்டான்!" என்று கத்தினேன். அன்றைக்கு என் வீட்டில் இட்லி யாருக்கும் இறங்கவில்லை.

சாயங்காலம் கடை. மானேஜர் லாப்டாப்பை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வைர வியாபாரி தோற்றார்.

"சார், இது காஸ்மெடிக் டேமேஜ். வாரன்டியில வராது."

காஸ்மெடிக் என்றால் எனக்குத் தெரிந்தது பவுடர், ஸ்நோ, கண்மை. "மிஷின் ஓடுதில்ல சார்? ஓடினா சரி. குழி, கோடு, கீறல் இதெல்லாம் கம்பெனி பார்க்காது" என்று விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நீங்களே வீட்ல கீழே போட்டிருக்கலாமே சார்?"

பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேர் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு வயது 36. இதுவரை யாரும் என்னை நாலு பேர் எதிரில் பொய்யன் என்று சொன்னதில்லை. குழிகூட மறந்துபோயிற்று.

"நான் போட்டேனா? ஷோகேஸ்ல ஊர்ல இருக்கறவன் எல்லாம் தடவின பீஸை எனக்குப் பேக் பண்ணிக் குடுத்திருக்கீங்க. இந்தக் கோடு ஒண்ணு போதாதா சாட்சி? எங்கம்மா மேல சத்தியமா, வாங்கினப்பவே இருந்த கோடு இது!"

மானேஜர் அன்று எனக்குப் பெட்டி எடுத்துக் கொடுத்த பையனைக் கூப்பிட்டார். இருபது வயதிருக்கும். "ஸீல் பாக்ஸ்தான் சார் எடுத்துக் கொடுத்தேன்" என்றான். "உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்" என்றார் மானேஜர். பையனின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் என் துக்கத்தைக் கேஷியரிடம் இறக்கி வைத்தேன். இன்னும் எட்டு மாதத்தில் ரிடையர் ஆகப்போகிறவர். கிழிந்த பத்து ரூபாய் நோட்டைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்.

"யோவ், புது லாப்டாப்புல வர்ற குறை மூணு ஜாதி. புள்ளி, கோடு, குழி. மூணையும் ஒண்ணாக் கட்டிச் சண்டை போட்டா மூணுலயும் தோத்துடுவே" என்று ஆரம்பித்தார்.

புள்ளி என்பது திரையில். சாதாரண ஃபுல் ஹெச்.டி. திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டிகள். ஆக 62 லட்சத்துச் சொச்சம். இதில் ஒன்றிரண்டு பிறவியிலேயே அணைந்தோ, அணையாமலோ இருந்துவிடும். 2001-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்கிற தரவிதியில், இரண்டாம் வகுப்புத் திரை என்றால் 10 லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் அணைந்தது 2 வரை மன்னிப்பு உண்டு. 2008-ல் ஐ.எஸ்.ஓ. 9241 வரிசை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் மன்னிக்கிற பழக்கம் போகவில்லை. எத்தனை புள்ளி வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனிகள் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கின்றன. ஒற்றைப் புள்ளிக்காகப் போராடினால் பெரும்பாலும் புள்ளிதான் ஜெயிக்கும்.

கோடு? "அதுக்கு அப்பன் பேர் தெரியாதுய்யா. ஃபாக்டரியில விழுந்ததா, கடையில விழுந்ததா, உன் வீட்ல விழுந்ததா? பிரிச்சு ரெண்டு நாள் கழிச்சு நீ சொன்னா எவன் நம்புவான்?"

"அப்ப குழி?"

"குழி விழுந்திருந்தா பெட்டி விழுந்திருக்குன்னு அர்த்தம். அது அழகுப் பிரச்னை இல்ல. மூடி மேல இருக்கறது மெல்லிசு அலுமினியத் தகடு, பின்னாலயே திரை. மூலையில அடி வாங்கினா இன்னிக்கு ஓடும். ஆறு மாசம் கழிச்சுக் கீல் விட்டுப்போகலாம், திரையில கோடு வரலாம். காஸ்மெடிக்னு அவன் சொன்னா நீ ஒத்துக்கக் கூடாது. கேட்க வேண்டியது அதைத்தான். டப்பாவை வெச்சிருக்கியா?"

டப்பா இருந்தது. அம்மா அதில் வடாம் போட்டு வைத்திருந்தாள். வடாமை வெளியேற்றிவிட்டுப் பார்த்தால், அட்டைப் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. லாப்டாப்பைத் தெர்மோகோலோடு உள்ளே வைத்துப் பார்த்தேன். நசுங்கல் எங்கே இருக்கிறதோ, சரியாக அங்கேதான் குழி. பெட்டி எங்கேயோ, யார் கையிலிருந்தோ மூலை குத்த விழுந்திருக்கிறது.

"வீடியோ இருக்கே" என்றாள் மனைவி. சந்தனம் வைக்கும் முன் மூடியைக் கிட்டத்தில் காட்டியிருந்தாள். அதை நிறுத்திப் பார்த்தால் பச்சைப்பயறு அளவுக் குழி தெளிவாகத் தெரிந்தது. பில்லில் மணி 6.10. வீடியோவில் 7.25. மைத்துனர் மேல் இருந்த பொறாமை சாட்சியாக வந்து நின்றது.

கேஷியர் சட்டமும் வைத்திருந்தார். 1986-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் வந்து, 2020 ஜூலை 20-லிருந்து அமலில் இருக்கிறது. அதன்படி குறையுள்ள பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் குடியிருக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரண்டு வருஷ அவகாசம் உண்டு. பொருள் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. "அதுக்கெல்லாம் முன்னாடி 1915-க்கு ஒரு போன் போடு. தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைக் கம்பெனிக்குத் தள்ளிவிடுவாங்க. பாதிப் பேருக்கு அந்த போனே போதும்" என்றார்.

போட்டேன். கடைக்கும் கம்பெனிக்கும் கடிதம் எழுதினேன். குழி, நசுங்கிய பெட்டி, வீடியோவில் அந்த இருபது விநாடி எல்லாம் இணைத்தேன். கூடவே கோபத்தில் ஒரு பாராவும் சேர்த்தேன்: "மேற்படி லாப்டாப்பில் உள்ள கோடு, அது பலரும் உபயோகித்த டிஸ்ப்ளே பீஸ் என்பதற்குச் சாட்சி. தங்கள் விற்பனைப் பையன் தெரிந்தே ஏமாற்றியிருக்கிறான்." படித்துப் பார்த்தபோது என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்பதாம் நாள் கடையிலிருந்து போன். "மாத்தித் தர்றோம் சார், வாங்க."

இந்தத் தடவை உஷார். பெட்டி நம்பரும் லாப்டாப்பின் முதுகில் உள்ள நம்பரும் பில்லும் ஒன்றுதானா என்று பார்த்தேன். கடை வெளிச்சத்திலேயே பிரிக்கச் சொல்லி, ஸீல் உடைப்பதிலிருந்து விடாமல் வீடியோ எடுத்தேன். மூடியைச் சாய்த்துப் பார்த்தேன். திரையைக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றிப் புள்ளி தேடினேன். மாசு மறுவில்லை. அந்தப் பையனைத்தான் காணோம்.

"குடோனுக்கு மாத்திட்டேன் சார்" என்றார் மானேஜர். குடோனில் சம்பளம் மட்டும்தான், விற்பனைக்கு உண்டான கமிஷன் கிடையாது என்று பில் போடுகிற பெண் சொன்னாள். ஜெயித்த சந்தோஷத்தில் அது என் காதில் பாதிதான் விழுந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

பத்து நாள் கழித்து, கணக்கு எழுதி முடித்து மூடப் போனேன். கீபோர்டுக்குக் கீழே, இடதுபக்கம், இரண்டு சென்டிமீட்டர். அதே இடத்தில் அதே கோடு.

உலகத்தில் இரண்டு லாப்டாப்புகளுக்கு ஒரே இடத்தில் மச்சம் இருக்க நியாயமில்லை. யோசித்துக்கொண்டே கையை எடுத்தேன். கரக் என்று ஒரு சத்தம். அப்பா கொடுத்த வாட்ச். ஸ்டீல் செயின். நான் டைப் அடிக்க அடிக்க, அதன் கொக்கி அந்த இடத்தைத்தான் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மனைவியின் செல்போனில் பழைய வீடியோவை எடுத்தேன். இத்தனை நாளும் குழி தெரிகிற இருபது விநாடியோடு நிறுத்திவிட்டேன். மீதியைப் பார்க்கவே இல்லை. மூடி திறக்கிறது. கை வைக்கிற இடம் கழுவின வாழை இலை மாதிரி சுத்தமாக இருக்கிறது. கோடு கிடையாது. அப்புறம் ஓரத்திலிருந்து ஒரு இடது கை வருகிறது. மணிக்கட்டில் ஸ்டீல் செயின்.

எனக்குள் இருக்கும் வக்கீல் உடனே எழுந்தார். "மாற்றிக் கொடுத்தது குழிக்காக. குழி நிஜம். கோட்டைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?"

மனைவி வீடியோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அந்தப் பையன்?" என்று மட்டும் கேட்டாள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். மறுபடியும் ரிப்பேரோ என்று மானேஜர் பயந்தார். நான் வீடியோவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது வாட்ச் கோடுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார். மாசத்துக்கு நாலு பேர் வர்றாங்க. எல்லாருக்கும் அதே இடம்."

"தெரிஞ்சுதா? அப்புறம் ஏன் சார் அந்தப் பையனை மாத்தினீங்க?"

"நீங்க எழுத்துல குடுத்துட்டீங்களே சார். கம்பெனிக்கும் காப்பி போட்டிருக்கீங்க. நான் ஏதாவது ஆக்‌ஷன் காட்ட வேணாமா?"

என்னை இவர் நாலு பேர் எதிரில் பொய்யன் என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. நான் அந்தப் பையனை எழுத்திலேயே அப்படிச் சொல்லிவிட்டேன். அவனுக்கு ஆத்திரப்படக்கூட இடமில்லை. கவுன்டரில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினேன். இந்தத் தடவை தமிழில் எழுதினேன். "குழி உங்களுடையது. கோடு என்னுடையது. பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை." கையெழுத்துப் போட்டு, கம்பெனிக்கும் ஒரு காப்பி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மவுஸ் வாங்கப் போனேன். லாப்டாப் கவுன்டரில் பையன் நின்றுகொண்டிருந்தான். "ஸாரி தம்பி" என்றேன். "பரவால்ல சார்" என்றவன், என் இடது மணிக்கட்டைப் பார்த்தான்.

"வாட்ச் எங்க சார்?"

வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "இந்தப் பக்கம் மாத்திட்டேன்."

பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார்... அப்ப இனிமே வலது பக்கம் கோடு விழும் சார்."