படிப்பும் பக்தியும்

பரீட்சை நெருங்கினால் நம் கிறிஸ்தவ இல்லங்கள் சிலவற்றில் ஜெபம் சுருங்கிவிடுகிறது. வேறு சிலவற்றில் ஜெபமே படிப்புக்கு ஈடாகிவிடுகிறது. இரண்டும் மாணவனுக்கு நன்மையல்ல.

நம்மைப் போலவே தெற்கிலிருந்து இப்பக்கம் வந்த ஒருவரை நினைவுகூர்வோம். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். இறுதித் தேர்வு வேளையில் நோயுற்றமையால் பட்டம் பெறவில்லை. ஆயினும் கற்பதை அவர் விடவில்லை. 1909-இல், முப்பது வயதைக் கடந்த பின், நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியம் செய்ய வந்து, தெலுங்கைக் கற்று, அம்மொழியிலேயே ஏழை மக்களுக்குப் போதித்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

மதிப்பெண் வேண்டா என்பது இதன் பொருளன்று. தெலுங்குப் பாடம் நமக்கு அந்நியம் என்று ஒதுக்கும் மாணவன், அசரியாவை எண்ணி நாளைக்கு ஒரு பக்கமேனும் படிக்கட்டும். ஜெபித்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்பதே விசுவாசம், திறவாதிருப்பது சோம்பல்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. குறைந்த மதிப்பெண்ணுடன் வீடு திரும்பும் பிள்ளையை அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நோகச் செய்யாதீர்கள். முடிந்தது ஒரு தேர்வுதான், கல்வி முடிந்துவிடவில்லை. அன்றிரவும் குடும்ப ஜெபத்தில் அப்பிள்ளைக்கு வழக்கமான இடம் இருக்கட்டும்.