குதிகால் நாணும் தலைவிதியும்

ஐம்பது வயதில் ஓட்டப் பந்தயத்துக்குப் போகும் ஒருவருக்குக் குதிகாலுக்கு மேலே வலி கண்டால், நம் ஜனங்கள் சொல்லும் சமாதானம் இரண்டு. ஒன்று கிரகக் கோளாறு. மற்றொன்று, "வயதான காலத்தில் உனக்கு ஏன் இந்த வேலை?" என்பது. முன்னதற்குச் சோதிடனிடம் பரிகாரமும் மந்திரித்த கயிறும் உண்டு. பின்னதற்கோ பரிகாரமே கிடையாது. மூலையில் உட்கார வேண்டியதுதான். படித்தவர்கள் வாயிலிருந்தே இது வருவதால், இதைத்தான் பெரிய மூடநம்பிக்கை என்கின்றோம்.

கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருப்பது தசைநாண். அதை நரம்பு என்பது தப்பு. (அக்கிலீஸ் என்ற வீரனை அவன் தாய் குதிகாலைப் பிடித்து ஆற்றில் முக்கினாளாம், பிடித்த இடம் நனையவில்லையாம். புராணப் புளுகில் கிரேக்கரும் நமக்குச் சளைத்தவர்களல்ல!) அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கரியின் அளவைக் கொண்டு டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் கணக்கிட்டார்கள். இந்த நாணின் உட்பாகம் சுமார் 17 வயதுக்குள் உண்டாகி, பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லையென்று கண்டார்கள். அதாவது, பழைய கயிற்றைக் கொண்டே ஆயுள் முழுவதும் ஓடவேண்டும் என்பதே சங்கதி. சதை சில வாரத்தில் பலம் பெறும். நாணுக்கோ மாதக்கணக்கு வேண்டும். ஓட்டத்தைத் திடீரென்று கூட்டினவனுக்குக் கேடு வருவது இதனால்தானே ஒழிய, சனியால் அல்ல.

அப்படியானால் ஓய்வுதானே மருந்து என்று கேட்கலாம். ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற வைத்தியர் 1998-ல் நேர்மாறாகச் செய்தார். நெடுநாள் வலியால் அவதிப்பட்ட, சராசரி 44 வயதுள்ள 15 பேரைப் படி விளிம்பில் நிறுத்தி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைத் தினம் 180 தடவை, 12 வாரம் செய்ய வைத்தார். வலித்தாலும் செய் என்றார். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பிற்காலப் பரீட்சைகளில் எல்லோருக்கும் இவ்வளவு பலன் கிடைக்கவில்லை. அதையும் அச்சுப்போட்டுச் சொல்வதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை. எந்தப் பரிகாரக்காரனாவது பலிக்காத கணக்கை இதுவரை வெளியிட்டதுண்டா?

இன்னொன்று. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளால் நாண் அறுந்துபோகக்கூடும், 60 வயதுக்கு மேல் அபாயம் அதிகம் என்று அமெரிக்க சர்க்கார் 2008-ல் எச்சரிக்கை போட வைத்தது. வயதானவர்கள் இதை வைத்தியரிடம் கேட்டே விழுங்க வேண்டும்.

ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலிருந்து, திரும்பினால் ஆளில்லை, முன்பாதத்தில் எழும்பி நிற்கவும் முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கும். பேய் உதைத்ததென்று எவனாவது வேப்பிலையோடு வந்தால், அவனை அனுப்பிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.