விளையாட்டாய் ஒரு வைத்தியம்

சென்ற இதழில் பக்கவாதம் வந்தவர்களுக்கான உப்புக் குறைந்த சமையலைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி, "சமையல் சரி, கை விளங்குறதுக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டிருந்தார். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இந்த முறை அதையே எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு 53-வது வயதில் வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பிடித்துக்கொண்டு நிற்பார், நாலு அடி நடப்பார். கை மட்டும் தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கும். துணிக்கடையில் முப்பது வருஷம் மீட்டர் மீட்டராக அளந்து கொடுத்த கை அது.

வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் இருப்பது மன்னார்குடி, வைத்தியம் தஞ்சாவூரில். போய் வருவதற்குள் ஒரு பகல் போய்விடும், கார் வாடகை வேறு. மூன்று நாள் ஒரு நாளாயிற்று, பிறகு அதுவும் தள்ளிப்போயிற்று. வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுத்த பயிற்சித் தாள் ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியபடியே இருந்தது. "என்னங்க, கையைத் தூக்குங்க" என்பேன். "தூக்கி என்ன ஆகப்போவுது?" என்பார். சுவரைப் பார்த்துக்கொண்டு முப்பது தடவை கையைத் தூக்க யாருக்குத்தான் மனசு வரும்?

அப்போதுதான் லீவுக்கு வந்த மகன், சிநேகிதன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேம் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே கினெக்ட் என்று ஒரு காமிரா. 2010-ல் வந்த சாமான், 2017-ல் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். டி.வி. பக்கத்தில் வைத்தால், எதிரே நிற்பவரின் கை கால் அசைவைப் பார்த்துத் திரையில் ஒரு பொம்மையை அதே மாதிரி ஆட வைக்கிறது. கையில் எதையும் பிடிக்க வேண்டாம். விரல் மடங்காதவருக்கு அது பெரிய சௌகரியம்.

எனக்கோ கோபம்தான் வந்தது. "டேய், அப்பா இருக்கிற நிலைமையில விளையாட்டா?" என்று திட்டிவிட்டு, தஞ்சாவூர் பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் சிரிக்கவில்லை. "நல்லதுதாம்மா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு ஆரம்பிங்க. செவ்வாய், வெள்ளி எனக்கு வீடியோ கால் போடுங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்றாள்.

சோபாவை ஓரம் தள்ளி, காமிராவுக்கும் அவருக்கும் நடுவில் ஆறடி இடம் விட்டோம். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். முதல் நாள் முறைத்தார். மூன்றாம் நாள், "இன்னொரு ஆட்டம் போடுடா" என்றார். வியாதி வந்ததிலிருந்து அவராக எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் பாயிண்ட் மளமளவென்று ஏறிற்று. ஆனால் கை? தம்ளரைத் தூக்கச் சொன்னால் பழைய கதைதான்.

அந்த வெள்ளிக்கிழமை பிசியோதெரபிஸ்ட் பெண், "போனை எதிரே வைக்காதீங்கம்மா, பக்கவாட்டில வைங்க" என்றாள். அப்படி வைத்ததும் விஷயம் தெரிந்துபோயிற்று. பந்தை இடது கையால் எடுக்கிறார். வலது கையால் எடுக்கும்போதோ தோள் அசைவதே இல்லை. இடுப்போடு உடம்பு முழுவதையும் வீசுகிறார், கை பின்னாலேயே இழுபட்டுப் போகிறது. "பாயிண்ட் வருது சார், கை வரலையே" என்றாள் மெதுவாக. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் டி.வி. பக்கமே வரவில்லை.

தப்பு அவருடையது மட்டுமல்ல. கட்டை விழுந்தால் போதும் என்று கை தட்டியது நான்தானே! அந்த ஆட்டம் நல்ல உடம்புக்காரர்களுக்காகச் செய்தது. எந்தக் கை, எப்படி அசைந்தது என்கிற கவலை அதற்கு இல்லை. அதைப் பார்க்க மனுஷக் கண்தான் வேண்டும்.

அன்றிலிருந்து பாயிண்டை எழுதுவதை விட்டுவிட்டேன். உடம்பு சாயாமல் வலது கை எத்தனை தடவை எழும்பியது என்று மட்டும் டைரியில் குறித்தேன். முதல் நாள் 11. ஒன்றரை மாதத்தில் 60. அடிபட்ட மூளை ஒரு அசைவைத் திரும்பக் கற்றுக்கொள்ள, அதையே நூறு நூறாகச் செய்ய வேண்டுமாம். ஆட்டம் செய்கிற உபகாரம் அந்த எண்ணிக்கையை அலுக்காமல் ஏற்றுவதுதான்.

மகன் இரண்டு ஆராய்ச்சிகளைப் படித்துச் சொன்னான். 2016-ல் டொரன்டோ டாக்டர் சாபோஸ்னிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் பக்கவாதம் வந்த 141 பேர் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு பாதிப் பேருக்கு வீடியோ கேம், மீதிப் பேருக்குச் சீட்டு, பிங்கோ போன்ற சாதாரண ஆட்டங்கள். இரண்டு கூட்டத்துக்கும் கையில் ஒரே அளவு முன்னேற்றம்! 2019-ல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ஆய்வில் 124 பேர். ஒரு பகுதியினர் சிகிச்சை நிலையத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் ஆட்டங்களோடு பயிற்சி செய்ய, சிகிச்சையாளர் வீடியோவில் பார்த்துக்கொண்டார். 70 நிமிஷம் வீதம் 36 தடவை. வீட்டில் செய்தவர்களுக்கும் கை குறைவில்லாமல் தேறியது.

ஆகவே சகோதரிகளே, இதற்காகக் கடன் வாங்கிச் செட் வாங்க வேண்டாம். பல்லாங்குழியும் சீட்டுக்கட்டும் இருந்தாலே ஆரம்பிக்கலாம். யாராவது தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும், தினமும் நடக்கட்டும்.

டி.வி. ஆட்டம் ஆடுவதானால் சில விஷயங்களை மறக்காதீர்கள். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மிதியடி, வயர் எதுவும் காலில் தட்டக் கூடாது. பலவீனமான பக்கத்தில், அரையடி பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் காமிரா உங்களையும் ஆட்டக்காரராக எண்ணிக் குழம்பும். ஒரு நாள் குக்கர் விசில் என்று நான் உள்ளே ஓடிய நிமிஷத்தில் அவர் தடுமாறிவிட்டார். நல்லவேளை, சோபாவில் சாய்ந்தார். இப்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஆட்டம். தோள் வலித்தால் நிறுத்துங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னும் அவருக்குச் சட்டைப் பட்டன் போட வரவில்லை. ஆனால் போன வாரம் தலையணை உறைக்கு வாங்கிய துணியை மேஜையில் விரித்தேன். பக்கத்தில் வந்தார். வலது கையைத் தூக்கித் துணியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, இடது கையால் அளந்தார். "ரெண்டு இஞ்ச் கம்மியாக் கொடுத்திருக்கான்" என்றார், பழைய கடைக்காரக் குரலில்.

அன்றைக்கு டைரியில் எண்ணிக்கை எதுவும் நான் எழுதவில்லை.