பொம்மை ரயிலுக்குத் துரு எதற்கு?



போன வாரம் நான் போட்ட சரக்கு ரயில் பெட்டி படத்துக்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். "டீச்சர், அழகா பெயிண்ட் அடிச்ச பெட்டியை ஏன் இப்படி அழுக்காக்கிட்டீங்க?" என்று ஒரு கேள்வி. "டீச்சரோட பென்ஷன் எல்லாம் பிளாஸ்டிக்கா போகுது" என்று ஒரு கிண்டல். உறவுக்குள் வேறு ஒரு பேச்சு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிற என் தம்பி பேரன் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அந்த நேரத்தில் அவனை நீட், ஐஐடிக்கான ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கிட் என்பது பிரித்துப் போட்ட பொம்மை. தரைப்பலகை, பக்கச் சுவர், அடிச்சட்டம், சக்கரம், கொக்கி எல்லாம் தனித்தனியாக இருக்கும். நாம்தான் வெட்டி, அரத்தால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, மூலைமட்டம் பார்த்து ஒட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1960களிலேயே ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 16 டன் நிலக்கரிப் பெட்டியைக்கூட இப்படிக் கிட்டாக விற்றது. நம் ஊர்ச் சரக்குப் பெட்டிக்குக் கடையில் கிட் கிடைப்பது அரிது. அதனால் பிளாஸ்டிக் ஷீட்டை அளந்து வெட்டி நாங்களே செய்கிறோம். பிளேடு வேலை என்னுடையது. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் பசையைத் தொடுவோம்.

நாங்கள் செய்தது பாக்ஸ்-என் என்கிற திறந்த சரக்குப் பெட்டி. நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஐம்பதுக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுமே, அதுதான். நிஜப் பெட்டி, கொக்கியோடு சேர்த்துச் சுமார் 10.7 மீட்டர் நீளம். நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு 87ல் ஒரு பங்கு. அப்படியானால் பொம்மை எத்தனை சென்டிமீட்டர்? பையன் காகிதத்தில் வகுத்து 12.3 என்றான். பிறகு அவனாகவே கடையில் வாங்கிய தண்டவாளத்தை அளந்தான். 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் 1435 வருகிறது. நம் அகலப் பாதையோ 1676. "பாட்டி, இது நம்ம ஊரு தண்டவாளமே இல்ல, ஃபாரின் தண்டவாளம்!" என்று கத்தினான். விகிதக் கணக்கை நான் வருஷக்கணக்காகக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். ஒரு விடை வந்ததற்காக எந்தப் பிள்ளையும் அப்படிக் கத்தியதில்லை.

இனி அந்த அழுக்கு. வெயிலும் மழையும் பட்டு உழைத்த தோற்றத்தைக் கொடுப்பதற்கு வெதரிங் என்று பெயர். கண்ட இடத்தில் பழுப்பு பெயிண்டைத் தீற்றினால் அது வெதரிங் ஆகாது, அசிங்கமாகத்தான் இருக்கும். எங்கே துரு வரும், ஏன் அங்கே வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத் துறைமுகம் சந்திப்பில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, நிற்கிற பெட்டிகளைப் பார்த்தோம். திறந்த பெட்டியின் உட்பக்கத்தில் பெயிண்டே இருக்காது. நிலக்கரி கொட்டிக் கொட்டி உரசி எடுத்துவிடும், அதனால் உள்ளேதான் துரு அதிகம். வெளியே கதவுக் கீலுக்குக் கீழே கோடு கோடாக வழிந்திருக்கும். தண்ணீர் தேங்குகிற அடிவிளிம்பில் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். சக்கரத்தைப் பாருங்கள், தண்டவாளத்தைத் தொடுகிற இடம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னும், மற்ற இடமெல்லாம் பிரேக் தூசி படிந்து பழுப்பாக இருக்கும்.

பெயிண்ட் ஏன் கொப்பளிக்கிறது என்று கேட்டான். இரும்பு துருவானால் முன்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும், மேலே உள்ள பெயிண்டைத் தூக்கிவிடும் என்றேன். தேவனாம்பட்டினத்துப் பிள்ளைக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கடற்கரையில் கிடக்கிற நங்கூரத்தையும், நம் வீட்டு ஜன்னல் கம்பியையும் காட்டினால் போதும். உப்புக்காற்று வேலையை வேகப்படுத்துகிறது. தண்ணீரில் உப்பு கரைந்தால் அதில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் துருப்பிடிப்பதும் வேகமாகும்.

வேடிக்கை என்னவென்றால், பொம்மைக்குத் துரு வைப்பதற்கும் அதே உப்புதான். முதலில் துரு நிறத்தைப் பூசிக் காயவிட வேண்டும். வேண்டிய இடத்தில் தண்ணீர் தொட்டு உப்புத்தூளை ஒட்டவைத்து, அதன்மேல் பெட்டியின் நிறத்தை அடிக்க வேண்டும். காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயிண்ட் உரிந்து உள்ளே துரு தெரிகிற மாதிரியே இருக்கும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. பொம்மையில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 8.7 சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அகலம். கல்லுப்பைப் போட்டால் பெட்டியில் தாம்பாளம் தாம்பாளமாக ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும். பொடித்துச் சலித்துத்தான் போட வேண்டும்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பதினோரு இலக்க எண்ணிலும் ஒரு பாடம் இருக்கிறது. முதல் இரண்டு வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே, அடுத்த இரண்டு செய்த வருடம், பிறகு நான்கு இலக்கம் அந்தப் பெட்டிக்கு உரிய எண். கடைசி இலக்கம் மற்ற பத்தையும் சரிபார்ப்பதற்கு. இரட்டை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கு, ஒற்றை இட இலக்கங்களின் கூட்டுத்தொகையைச் சேர், அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். 10 06 08 2417 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 பெருக்கல் 3, 75. அதோடு 4, ஆக 79. எண்பதுக்கு ஒன்று குறைகிறது, கடைசி இலக்கம் 1. இப்போது பையன் ஸ்டேஷனில் நின்று ஒவ்வொரு பெட்டியாகச் சரிபார்க்கிறான்.

இதையெல்லாம் ஃபவுண்டேஷன் வகுப்பில் சொல்லித் தரமாட்டார்களா? விகிதமும் துருவும் அங்கேயும் வரும். நான் படிப்புக்கு விரோதி இல்லை, மதிப்பெண்ணால் குடும்பம் நிமிர்ந்த மாணவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் அங்கே கேள்வியையும் அவர்களே தருவார்கள், விடையையும் அவர்களே தருவார்கள். கேள்வி பிள்ளையிடமிருந்து வர வேண்டுமானால், அவன் கையில் முடிக்காத ஒரு பொருள் இருக்க வேண்டும். நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் படித்த காலத்தில் கைவேலையும் ஒரு பாடம். பள்ளிக்கு வந்து பார்த்தால், கைவேலை பீரியட் கணக்குத் தேர்வுக்குப் போயிருக்கும். வீட்டில் மிஞ்சியிருக்கிற இரண்டு மணி நேரத்தையும் எடுத்துவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வாரத்தில் ஆறு நாள் உங்களுக்கு, ஞாயிறு காலை அவனுக்கு. பணம் ஒரு தடை என்றால், அட்டைப்பெட்டியும் சாக்பீஸ் தூளும் போதும். துரு நிறத்துக்குச் செங்கல் தூளைவிட நல்லது கடையில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊருக்கு 1870களில் வந்த மீட்டர் கேஜ் பாதை, 2010ல் அகலப் பாதையாகிவிட்டது. பழைய எஞ்சின்களை அங்கங்கே மியூசியத்திலும் ஸ்டேஷன் வாசலிலும் வைத்திருக்கிறார்கள். நெல்லும் உப்பும் உரமும் சுமந்த சரக்குப் பெட்டிகளை யார் நினைவில் வைத்திருக்கிறோம்? தினமும் கண் முன்னால் போனது, அதனால் யாரும் நின்று பார்க்கவில்லை. அடுத்ததாகப் பையன் செய்ய ஆசைப்படுவது நாலு சக்கர மீட்டர் கேஜ் கூட்ஸ் பெட்டி. அளவு வேண்டும், படம் வேண்டும்.

அதனால், அப்பாவோ தாத்தாவோ ரயில்வேயில் வேலை பார்த்த மாணவர்கள் பழைய ஆல்பத்தை ஒரு தடவை புரட்டுங்கள். ஏதோ ஒரு குடும்பப் படத்தின் பின்னால் ஒரு சரக்குப் பெட்டி நின்றிருக்கும். கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், என்ன நிறம், எங்கே துரு என்று நினைவிருப்பவர்கள் கீழே எழுதுங்கள். பையன் படித்துக்கொண்டிருப்பான்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தேவனாம்பட்டினம்.