நமக்கு நாமே திட்டம்: ஊர்க் குளத்துக்கு அரசு நிதி கேட்பது எப்படி? மூன்றில் ஒரு பங்கை யார் கட்டுவது?

மழைக்காலம் முடிந்த கையோடு பல ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் பேச்சு இது. "இந்த வருஷமாவது குளத்தைத் தூர்வாரணும்." யாரோ ஒருவர் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் கரையைப் படம் எடுத்துப் போடுவார். இன்னொருவர் "கவர்மென்ட்ல இதுக்கு ஃபண்டு இருக்குப்பா" என்பார். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

அவர் சொல்வது உண்மைதான், நிதி இருக்கிறது. ஊர் மக்களே நேரடியாகக் கேட்டுப் பெறக்கூடிய திட்டமும் இருக்கிறது. ஆனால், அந்தத் திட்டத்தின் முக்கியமான விதியே சில ஊர்களுக்குக் கதவைத் திறக்கிறது, சில ஊர்களுக்கு மூடுகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

'நமக்கு நாமே' என்றால் என்ன?

1997-98ல் அன்றைய முதல்வர் கருணாநிதி ஆட்சியில் தொடங்கப்பட்ட திட்டம் இது. 2011-12ல் அதிமுக ஆட்சியில் 'தன்னிறைவுத் திட்டம்' என்ற பெயரில் ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு தொடர்ந்தது. 2021ல் ஆட்சி மாறியதும் மீண்டும் பழைய பெயருக்கே வந்தது. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. ஊருக்கு ஒரு வேலை தேவை என்றால் மக்கள் ஒரு பங்கு பணம் போட வேண்டும், மீதியை அரசு போடும்.

ஊரகப் பகுதிகளில் மக்கள் பங்கு என்பது மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தபட்சம் மூன்றில் ஒரு பங்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வசிக்கும் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு. இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். தனிநபர், ஊர்க் குழு, முன்னாள் மாணவர் சங்கம், தனியார் நிறுவனம் என யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம்.

நீர்நிலைச் சீரமைப்பு, பள்ளிக் கட்டடம், நூலகம், அங்கன்வாடி, சாலை எனப் பொதுப் பயன்பாட்டுக்கான வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். நகர்ப்புறங்களுக்கும் இதே பெயரில் திட்டம் உண்டு. அதன் விதிகள் தனி என்பதால் இங்கே ஊரகத் திட்டத்தை மட்டும் பார்க்கலாம்.

முதல் கேள்வி: குளம் யாருடையது?

விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே விடை தெரிய வேண்டிய கேள்வி இது. பல முயற்சிகள் இங்கேதான் தடுமாறுகின்றன. ஊருக்குள் இருப்பதால் அது ஊராட்சியின் குளம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட பாசன ஏரிகள், கண்மாய்கள் இருக்கின்றன. இவற்றில் 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் இருப்பவை. அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கோயில் குளம் என்றால் அறநிலையத் துறை. காப்புக்காடு எல்லைக்குள் இருந்தால் வனத் துறை.

தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தால் அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்கே மாதங்கள் ஆகும். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையில் 'அ' பதிவேட்டை யாரும் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அந்த நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பது தெரியும். புல எண்ணுக்கு கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் போதும். எந்தத் துறையின் பராமரிப்பு என்பதில் குழப்பம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

அடுத்து என்ன செய்யணும்?

குளம் ஒன்றியத்துடையது என்று உறுதியானால் அடுத்த இடம் வட்டார வளர்ச்சி அலுவலகம். 'பிடிஓ ஆபீஸ்' என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். அங்குள்ள பொறியாளர் நேரில் பார்த்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். எவ்வளவு மண் எடுப்பது, கரையை எவ்வளவு உயர்த்துவது, மதகைச் சரிசெய்ய எவ்வளவு செலவு என எல்லாமே அதில் வரும்.

இங்கே ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மதிப்பீட்டில் வரத்து வாய்க்கால் இருக்கிறதா என்று பாருங்கள். குளத்தை மட்டும் ஆழப்படுத்திவிட்டு, தண்ணீர் வரும் வாய்க்காலையும் உபரிநீர் போகும் கலிங்கையும் விட்டுவிட்டால், அடுத்த மழைக்குக் குளம் ஆழமாக இருக்கும், தண்ணீர்தான் இருக்காது.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போகிறது. நிர்வாக அனுமதி தருபவரும் அவரே. கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் சேர்த்தால் கோரிக்கைக்கு எடை கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாட்கள் கிராம சபை கூடும். அதற்குக் குறைவெண் வரம்பும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும்.

"குளத்தைத் தூர்வார வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி எழுதினால் பலன் குறைவு. புல எண், பரப்பு, என்ன வேலை, எத்தனை குடும்பங்களுக்குப் பயன் என்பது தீர்மானத்திலேயே இருக்கட்டும்.

சரி, இதுல என்ன சிக்கல்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 குடும்பங்கள் உள்ள ஓர் ஊர். குளத்துக்கான மதிப்பீடு 9 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றில் ஒரு பங்கு என்றால் ஊர் திரட்ட வேண்டியது 3 லட்சம். குடும்பத்துக்கு 2,000 ரூபாய். மாதச் சம்பளக்காரர்கள் அதிகம் உள்ள ஊரில் இது ஒரு வாரத்தில் ஜிபேயில் சேர்ந்துவிடும். ஆனால், நூறு நாள் வேலையை நம்பி இருக்கும் ஊரில்? 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கூலி முழுசாகக் கைக்கு வந்தாலும் 2,000 ரூபாய் என்பது 6 நாள் உழைப்பு. ஐந்தில் ஒரு பங்கு சலுகை கிடைக்கும் குடியிருப்பிலும் குடும்பத்துக்கு 1,200 ரூபாய் ஆகிறது.

இதைப் பிற திட்டங்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் அமையும் குடிநீர்க் கட்டமைப்புச் செலவில் மக்கள் பங்கு 10 சதவீதம். மலைப்பகுதிகளிலும், பட்டியலின, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் உள்ள ஊர்களிலும் 5 சதவீதம். பணமாகத் தரலாம், பொருளாகத் தரலாம், உழைப்பாகவும் தரலாம்.

2017ல் அதிமுக அரசு மீண்டும் கொண்டுவந்த குடிமராமத்துப் பணிகளில் விவசாயிகளின் பங்கு 10 சதவீதம். அதிலும் உழைப்பு கணக்கில் வந்தது.

அதே 9 லட்சம் ரூபாய் வேலைக்கு 10 சதவீதம் என்றால் குடும்பத்துக்கு 600 ரூபாய். 5 சதவீதம் என்றால் 300 ரூபாய். அதையும் மண்வெட்டி பிடித்துக் கழிக்கலாம். 'நமக்கு நாமே' திட்டத்திலோ பங்குத் தொகையைப் பணமாகவே காட்ட வேண்டியிருக்கிறது.

மக்களிடம் பங்கு கேட்பதே தப்பா?

தப்பில்லை. சொந்தக் காசு போட்ட வேலையை ஊர் கவனிக்கும். ஒப்பந்ததாரர் மண்ணை அள்ளிக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போனால் கேள்வி கேட்க ஆள் இருக்கும். இந்த நியாயம் வலுவானதுதான். உழைப்பைப் பங்காக ஏற்பதிலும் சிக்கல் உண்டு. அதை அளப்பது கடினம், ஏட்டில் மட்டும் எழுதிக்கொள்வது சுலபம். குடிமராமத்திலேயே விவசாயிகள் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரர்கள் வேலை செய்வதாகப் பல இடங்களில் புகார் எழுந்தது.

ஆனால், பணத்தை மட்டும் அளவுகோலாக வைக்கும்போது அரசுப் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 3 லட்சம் திரட்ட முடிந்த ஊருக்கு அரசிடமிருந்து 6 லட்சம் வருகிறது. திரட்ட முடியாத ஊருக்கு இந்தத் திட்டத்தில் எதுவும் வருவதில்லை. அங்கே தேவை அதிகமாக இருந்தாலும் கணக்கு மாறாது.

இன்னொரு விதியும் கவனிக்கத்தக்கது. மக்கள் பங்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், பங்களித்தவர்களே வேலையைச் செய்யவோ, தாங்கள் விரும்பும் நிறுவனத்திடம் கொடுக்கவோ வழி உண்டு. அதற்குக் குறைவு என்றால் டெண்டர்தான். அதாவது, யார் செய்வது, எப்படிச் செய்வது என்ற அதிகாரமும் பணத்தின் பின்னாலேயே போகிறது.

கம்பெனி சிஎஸ்ஆர் பணம் கிடைக்காதா?

கிடைக்கும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து மதிப்போ, வருவாயோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஊரக வளர்ச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஊரின் பங்குத் தொகையை இப்படி ஒரு நிறுவனம் கட்ட முன்வரலாம்.

ஆனால், நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ தொழிற்சாலையின் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இது வாய்ப்பு. சுற்றுவட்டாரத்தில் ஆலையே இல்லாத மானாவாரிக் கிராமம் யாரிடம் போய்க் கேட்கும்?

பணம் திரட்ட முடியாத ஊருக்கு என்ன வழி?

இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, நிதிக்குழு மானியம். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரப் பணிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இதற்கு மக்கள் பங்குத் தொகை தேவையில்லை. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் வேலை இடம்பெற வேண்டும், அதற்குக் கிராம சபையில் பேச வேண்டும்.

இதிலும் ஒரு முட்டுக்கட்டை. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்பு இருந்தால்தான் இந்த மானியம் கிடைக்கும். தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவது அரசியல் செய்தி மட்டுமல்ல, ஊர்க் குளத்துக்கான பணமும் அதில் சிக்கிக்கொள்கிறது.

இரண்டாவது வழிக்கு நிதியே வேண்டாம். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி, குளங்களில் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2024ல் விதி தளர்த்தப்பட்டு, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற வழி வந்தது. ஆழம் கூடும், வயலுக்கு உரமும் ஆகும். மதகும் கலிங்கும் இதனால் சரியாகாது என்றாலும், கையில் காசில்லாத ஊருக்கு இது ஒரு தொடக்கம்.

என்ன மாறணும்?

உழைப்பை ஓரளவுக்காவது பங்காக ஏற்பது, அளவைக் கிராம சபையின் முன்னால் வைத்துச் சரிபார்ப்பது, மிகவும் பின்தங்கிய ஒன்றியங்களுக்குப் பங்குத் தொகையை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது. இவை எதுவும் புதிய யோசனை இல்லை. குடிமராமத்திலும் ஜல் ஜீவனிலும் அரசுகளே எழுதிவைத்த விதிகள்தான். அவற்றை இந்தத் திட்டத்துக்கும் கொண்டுவருவது ஓர் அரசாணையில் முடிகிற காரியம்.

அதுவரை ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது: வாட்ஸ்அப் குழுவில் குளத்தின் படத்தோடு அதன் புல எண்ணையும் போடுங்கள். அடுத்த கிராம சபை தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைவெண் வரம்புக்குத் தேவையான ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், தீர்மானத்தில் அந்தப் புல எண் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.